வளவில் வேண்டாம் இந்தப் பரிசோதனை

கேள்வி: சென்னையில் உயிரிப் பொறியியல் எம்.டெக். படிக்கிறேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைக் குறைந்த செலவில் கண்டறியும் காகிதப் பட்டைதான் என் ஆய்வு. விடுமுறைக்குக் கானாடுகாத்தான் பக்கம் எங்கள் ஊருக்கு வந்திருக்கிறேன். அம்மா காவலுக்கு இருக்கும் பெரிய வீட்டு வளவில், நூறு நாள் வேலைக்குப் போகும் அக்காக்கள் இருபது பேரைக் கூட்டிப் பரிசோதித்துப் பார்க்கலாமா? அம்மாவுக்குச் சம்மதம். அப்பத்தாதான், "அந்த நோயை ஏன்டி வீட்டுக்குள்ள கூப்பிடுற?" என்று சண்டை பிடிக்கிறார்.

- வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்: நானும் அப்பத்தா கட்சிதான், காரணம் மட்டும் வேறு.

மனிதர்களிடம் செய்யும் ஆய்வு முறையானதா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு மாதிரிகூட எடுக்காதீர்கள். அம்மா கூப்பிட்டாரே என்று வருகிறவர் முகத்துக்கு நேரே மறுக்க மாட்டார். அதைச் சம்மதம் என்று எழுதிக்கொள்ள முடியாது.

அப்புறம் ஒரு கணக்கு. உங்கள் பட்டை, நோய் உள்ளவர், இல்லாதவர் இரு தரப்பிலும் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குச் சரியாகச் சொல்கிறது என்றே வைப்போம். 1,000 பேரில் 10 பேருக்கு நோய் இருந்தால் 9 பேரைப் பிடித்துவிடும். கூடவே, நோயே இல்லாத 990 பேரில் 99 பேரையும் பிடிக்கும். அந்த 99 பேரில் உங்கள் எதிர்வீட்டு அக்காவும் இருந்தால்? அன்று ராத்திரி அவர் தூங்குவாரா? மறுநாள் அவரை எங்கே, யாரிடம் அனுப்புவீர்கள்?

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கிய ஆய்வு உங்களுக்குத் தெரிந்திருக்கும். பயிற்சி பெற்ற செவிலியர்கள் கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவினார்கள். வினிகரில் இருப்பதேதான். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் வெளுத்தால் சந்தேகம். 2007-இல் வெளியான முடிவின்படி, பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே இந்நோயால் வரும் இறப்பு, அழைக்கப்படாதவர்களைவிட 35 சதவீதம் குறைந்திருந்தது. வினிகர் மட்டும் செய்த வேலையல்ல அது. தேவைப்பட்டவர்களுக்கு அதே வருகையிலேயே, சந்தேகத்துக்குரிய திசுவை உறையவைத்து அழிக்கும் சிகிச்சையும் கிடைத்தது. ஒருநாள் கூலியை விட்டு வந்தவரை 'நாளைக்கு வாங்க' என்று அனுப்பினால் எத்தனை பேர் திரும்பி வருவார்கள்? உங்கள் பட்டை எவ்வளவு நேரத்தில் முடிவு சொல்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லையே!

சரி, விடுமுறையில் என்ன செய்யலாம்? அம்மா இதுவரை ஒருமுறையாவது பரிசோதித்துக்கொண்டாரா? 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகச் செய்கிறார்கள். பட்டையைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு அவரைக் கூட்டிப்போங்கள். பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் நின்றீர்கள், உள்ளே மறைப்புத் துணி இருந்ததா, அம்மா எந்த இடத்தில் கூச்சப்பட்டார், எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்பத்தாவையும் கூப்பிட்டுப் பாருங்கள், துணைக்கு வருகிறேன் என்றாவது கிளம்புவார்.