மலேரியா பயத்தில் சத்து மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: கூடலூர் பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறேன். இது ஐந்தாம் மாதம். ரத்தம் 9.1 தான் இருக்கிறது என்று நர்ஸம்மா தினமும் இரண்டு சத்து மாத்திரை போடச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார். போன மாதம் ஒடிசா போய் வந்தவருக்கு மலேரியா என்று மருந்து கொடுத்தார்கள். இரும்புச் சத்து மலேரியாக் கிருமியை வளர்க்கும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். மாத்திரையை நிறுத்திவிடவா?

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. அந்தப் பேச்சுக்கு ஓர் அடிப்படை உண்டு. ஆனால் அது உங்களுக்குப் பொருந்தாது. தான்சானியாவின் பெம்பா தீவில், மலேரியா மிகுந்த இடத்தில், சின்னக் குழந்தைகளுக்கு இரும்பும் ஃபோலிக் அமிலமும் கொடுத்துப் பார்த்தபோது நோயும் இறப்பும் கூடின. அது 2006-ல் வெளிவந்தது. கர்ப்பிணிகளிடம் கென்யாவில் செய்த ஆய்வு 2015-ல் வந்தது. அங்கேயும் மலேரியா அதிகம்தான். தினம் 60 மில்லிகிராம் இரும்பு எடுத்தவர்களுக்கு மலேரியா கூடவில்லை. பிறந்த குழந்தைகளின் எடைதான் சுமார் 150 கிராம் கூடியது.

நான் பயப்படுவது ரத்தசோகையும் மலேரியாவும் ஒன்றாகச் சேர்வதைப் பார்த்துத்தான். மலேரியாக் கிருமி சிவப்பணுக்களை உடைக்கும். பால்சிபாரம் வகையாக இருந்தால் நஞ்சுக்கொடியிலும் போய்த் தங்கும். குழந்தை எடை குறைந்தோ, மாதம் நிறையாமலோ பிறக்கலாம். கர்ப்பிணிக்கு ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. நீங்கள் 9.1-ல் இருக்கிறீர்கள். ஒரு மலேரியாவைத் தாங்க உங்களிடம் இருப்பு இல்லை.

அதனால் உடம்பு சுட்டால், குளிர் நடுக்கம் வந்தால், பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், வீட்டுக்காரருக்கு மலேரியா வந்ததைச் சொல்லி, ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். விரல் நுனியில் ஒரு குத்துதான். 'நம்ம மலைக்கு ஏது மலேரியா' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொசுதான் மலேரியாவைச் சுமக்கிறது என்று 1897 ஆகஸ்டில் கண்டுபிடித்த ரொனால்டு ராஸ், அதற்குச் சில மாதம் முன்பு ஊட்டிக்கு விடுமுறையில் வந்து, சீகூர் மலைச்சரிவுக்குப் போய் மலேரியாவில் விழுந்தவர். கூடலூரும் மசினகுடியும் ஊட்டியைவிடத் தாழ்ந்தவை, வெதுவெதுப்பானவை. ராத்திரி கொசுவலைக்குள் படுங்கள்.

சரி, மாத்திரைக்கு வருவோம். போட்டும் ரத்தம் ஏறவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது டீயைப் பற்றித்தான். லைன் வீட்டில் சோற்றோடு ஒரு கட்டஞ்சாயா, வேலைக்கு நடுவில் இன்னொன்று. அந்தத் துவர்ப்பு, இரும்பு உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். டீயைச் சுத்தமாக விட வேண்டாம். சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். மாத்திரையோடு எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ நல்லது. சுண்ணாம்புச் சத்து மாத்திரையை வேறு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மலம் கறுப்பாகப் போனால் பயம் வேண்டாம், அது இரும்புதான். குமட்டினால் படுக்கப் போகும்போது போடலாம். குடற்புழு மாத்திரை கொடுத்தார்களா என்றும் நர்ஸம்மாவிடம் கேளுங்கள். தோட்டத்தில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்குக் கொக்கிப்புழு காலின் தோல் வழியாக ஏறி, குடலில் ரத்தத்தை உறிஞ்சும்.

ஒரு மாதத்தில் அளவு ஒன்றாவது ஏற வேண்டும். ஏறாவிட்டால் ஊசி வழியாக இரும்பு ஏற்றலாம். அதோடு வேறு காரணத்தையும் தேட வேண்டும். பணியர், குறும்பர், இருளர் குடும்பமா நீங்கள்? அப்படியென்றால் அரிவாள் செல் நோய்க்கான சோதனையை இப்போதே செய்துவிடுங்கள். சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துபோகும் பரம்பரை நோய் அது. நீலகிரிப் பழங்குடிகளிடம் அது இருப்பது 1952-லேயே பதிவானது. உங்களுக்கு இருந்தால் வீட்டுக்காரருக்கும் பார்க்க வேண்டும்.

அவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: வந்தது வைவாக்ஸ் வகையா? அப்படியானால் பிரைமாகுயின் மாத்திரையை 14 நாளும் முடித்தாரா? காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்தியிருந்தால், கல்லீரலில் பதுங்கிய கிருமி மறுபடி கிளம்பி, கொசு வழியாக உங்களுக்கு வரலாம். அவரை டாக்டரிடம் திரும்ப அனுப்புங்கள். மிச்சம் இருக்கிறதே என்று அந்த மாத்திரையை நீங்கள் மட்டும் தொட்டுவிடாதீர்கள். கர்ப்பிணிக்கு அது ஆகாது.