ஏப்ரல் வெயிலை நம்பிக் கொச்சிக் கன்றை வெளியே வைக்காதீர்கள்

அம்பாறைப் பக்கத் தம்பிலுவிலில் இருந்து ஜனவரியில் கனடாவுக்கு, ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்குப் படிக்க வந்திருக்கும் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கிறார்: பேஸ்மென்ற் அறையில் இருக்கிறேன், இரண்டு நாளாக வெளியே 18 பாகை வெயில், தமிழ்க் கடையில் கொச்சிக் கன்று, அதாவது மிளகாய்க் கன்று, வந்திருக்கிறது, வாங்கி வெளியில் வைக்கலாமா, பழுத்த கொச்சிக்காயில் எடுத்த விதையும் கையில் இருக்கிறது, அதோடு பகுதிநேர வேலை எப்படி எடுப்பது, எந்தப் போன் இணைப்பு மலிவு, லைசன்ஸுக்கு எப்போது போகலாம் என்று எல்லாம் ஒரே மூச்சில். வேலைக்கும் போனுக்கும் பதில் சொல்ல இங்கே ஆள் நிறைய இருக்கிறார்கள். நான் கொச்சிக்காய்க்குத்தான் வந்தேன். வெளியில் வைக்காதீர்கள் தங்கச்சி.

ஏப்ரலில் பகல் வெயிலைப் பார்க்காதீர்கள், இரவு எத்தனை பாகை என்று பாருங்கள். பகலில் 18 காட்டும், அன்று இரவே 2க்கு இறங்கும், அடுத்த கிழமை திரும்பவும் பனி கொட்டும். கொச்சி நம்முடைய வெக்கையில் வாழ்கிற செடி. இரவு 10 பாகைக்குக் கீழே போனால் சாகாமல் நின்றாலும் அப்படியே உறைந்த மாதிரி நிற்கும், இலை மஞ்சளாகும், ஒரு மாதத்துக்கு வளரவே வளராது. சுழியத்துக்குப் போனால் காலையில் அவித்த கீரைதான். குளிர்ந்து போன மண் சூடாவதற்கும் நாள் எடுக்கும், வேர் அதற்குப் பிறகுதான் வேலை செய்யும். 2020ஆம் ஆண்டு மே மாதத்தில், அன்னையர் தினத்துக்கு முதல் நாள் ரொறன்ரோவில் பனி தூறியது, இங்கே இருந்த எல்லாருக்கும் அது ஞாபகம் இருக்கும். அதனால்தான் இந்த ஊர்க்காரர் விக்டோரியா தின விடுமுறை வரைக்கும், அதாவது மே 25க்கு முந்திய திங்கள் வரைக்கும், தக்காளியும் கொச்சியும் நடாமல் பொறுத்திருப்பார்கள். நான் அதற்கும் ஒரு கிழமை பிந்தித்தான் வைப்பேன். இரவு 13 பாகைக்குக் குறையாமல் தொடர்ந்து நிற்கிறதா என்பதுதான் என் கணக்கு.

கடையில் ஏப்ரலிலேயே கன்று வைத்து விற்பவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. வாங்குகிறவர் புதிதாக வந்தவர் என்று தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. கன்று செத்தால் மே கடைசியில் திரும்ப வந்து வாங்குவார்கள்தானே. அதைவிட மோசம், "இங்க ஒண்டும் வராது, வீண் வேலை" என்று வாய்க்கு வந்தபடி சொல்லும் ஆட்கள். இருபது, முப்பது வருடம் இந்த நாட்டில் இருந்தும் ஒரு சாடியில் ஒரு செடி வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். ஸ்காபரோவில் ஜூலை, ஆகஸ்ட் வெக்கை கொச்சிக்கு நன்றாகப் போதும். என் பல்கனியில் ஒக்டோபர் வரைக்கும் காய்க்கிறது.

நான் வந்த புதிதில் நானும் பேஸ்மென்ற்றில்தான் இருந்தேன். வீட்டுக்காரர் நம்முடைய ஆள், தானும் ஒரு காலத்தில் இன்னொருவரின் பேஸ்மென்ற்றில் இருந்தவர். கொச்சிக்காய் பொரித்தால் மணம் மேலே வருகிறது என்று சண்டை. சம்பலுக்கு இரண்டு செத்தல் மிளகாய் சுடக்கூடப் பயந்துகொண்டிருந்தேன். ஜன்னலடியில் நான் முளைக்க வைத்திருந்த தட்டைக் கேட்காமல் கொள்ளாமல் எடுத்துப் பின்வளவில் வைத்துவிட்டார், மண் சிந்துகிறதாம். அன்று இரவு உறைபனி. காலையில் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது, அது வெறும் கன்றுக்காக வந்த அழுகை இல்லை என்று உங்களுக்குத் தெரியும். அதனால் சொல்கிறேன், மண்ணும் சாடியும் வைக்க முதல் வீட்டுக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். முடிந்தால் ஒரு குறுஞ்செய்தியில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

பேஸ்மென்ற்றில் ஒரு நன்மையும் உண்டு. விதை முளைக்க வெளிச்சம் தேவையில்லை, சூடுதான் தேவை, 25இல் இருந்து 30 பாகைக்குள் இருந்தால் ஒரு கிழமை, பத்து நாளில் முளைத்துவிடும். சுடுநீர்த் தாங்கி இருக்கும் அறையில், நெருப்புக்குக் கிட்ட இல்லாமல், ஒரு மூலையில் தட்டை வையுங்கள். ஈரம் போதும், தண்ணீர் தேங்கக்கூடாது, தேங்கினால் கன்று அடித்தண்டில் அழுகி விழும். முளை தலை காட்டினதும் கதை மாறும். பேஸ்மென்ற் ஜன்னல் வெளிச்சம் காணாது, கன்று நூல்போல நீண்டு சாய்ந்துவிடும். சாதாரண வெள்ளை எல்.ஈ.டி. குழல் விளக்கு ஒன்று வாங்கிக் கன்றுக்கு ஒரு சாண் உயரத்துக்குள் தொங்கவிட்டு, நாளுக்கு 14 மணித்தியாலமாவது எரிய விடுங்கள். ஊதா நிறத்தில் விலை கூடிய விளக்கெல்லாம் வேண்டாம். நீங்கள் விதை எடுத்தது நன்றாகப் பழுத்த சிவப்புக் காயில் என்றால் சரி, பச்சைக் காயின் விதை பெரும்பாலும் முளைக்காது. ஏப்ரல் நடுவில் போட்டால் கொஞ்சம் பிந்தித்தான், இங்கே மார்ச்சிலேயே போடுவோம், ஆனாலும் மெல்லிய நீட்டுக் கொச்சி ஆகஸ்ட் கடைசிக்குள் காய் தரும். கறீபியன் ஆட்கள் வாங்குகிற ஸ்கொட்ச் பொனெற் மாதிரி உருண்டைக் காய்க்கு நாள் கூடத் தேவை, அதை இந்த வருடம் விதையில் தொடங்க வேண்டாம்.

மே கடைசி வந்ததும் ஒரேயடியாக வெயிலில் கொண்டுபோய் வைக்கிறார்கள், அதில்தான் பாதிக் கன்று போகிறது. விளக்கடியில் வளர்ந்த இலை வெளிவெயிலைத் தாங்காது, வெள்ளையாகக் கருகும். முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம், அடுத்த நாள் கொஞ்சம் கூட, இப்படி ஒரு கிழமை, பத்து நாள் பழக்கி எடுக்க வேண்டும். இரவில் உள்ளே. காற்றுக்கும் பயப்படுங்கள், உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவில் அடிக்கிற காற்று இளந்தண்டை முறித்துவிடும். நட்ட பிறகும் ஒரு இரவு திடீரென்று குளிர்ந்தால் பழைய பெட்சீற்றால் மூடுங்கள். மேகமும் காற்றும் இல்லாத தெளிந்த இரவில்தான் உறைபனி விழும், நட்சத்திரம் நன்றாகத் தெரிகிற இரவென்றால் நான் தூங்க முதல் போய்ப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன்.

எங்கள் ஊர் களுதாவளை. மணல் மண், கைக்கெட்டும் ஆழத்தில் கிணற்றுத் தண்ணீர், வெற்றிலையும் கொச்சியும் வெங்காயமும் செய்கிற ஊர். அப்பாவுக்கு மாரி மழை எப்போது விடும், வறண்ட கச்சான் காற்று எப்போது தொடங்கும் என்று உடம்பிலேயே தெரியும். அந்தக் காற்றில் பழக்கொச்சியைப் பாயில் பரப்பினால் வளவெல்லாம் காரம் மணக்கும், தும்மிக்கொண்டே கிளறுவோம். அவருக்கு நடுகை என்றால் மழையைப் பற்றிய கவலை மட்டும்தான், குளிரால் ஒரு செடி சாகும் என்று தொலைபேசியில் சொன்னபோது அவர் நம்பவே இல்லை. இங்கே கூட்டங்களில் ஊர் கேட்பவர்கள் நான் வாய் திறக்க முதலே "யாழ்ப்பாணத்தில எந்தப் பக்கம்?" என்பார்கள். மட்டக்களப்பு, களுதாவளை என்று ஒவ்வொரு தடவையும் முழுதாகச் சொல்லிவிடுவேன். நீங்களும் தம்பிலுவில் என்று சொல்லுங்கள், விடாதீர்கள்.

ஊரிலிருந்து அம்மா மண்ணும் கன்றும் கட்டி அனுப்பினால் வாங்காதீர்கள், மண் கனடாவுக்குள் வரவே கூடாது, விதை என்றாலும் விமான நிலையத்தில் சொல்லித்தான் ஆகவேண்டும். இங்கேயே பைமண் வாங்கி, ஐந்து கலன் வாளியில் அடியில் ஓட்டை போட்டு நடுங்கள். கறுப்பு வாளி நல்லது, வேருக்குச் சூடு பிடிக்கும். உரத்தை அள்ளிப் போட்டால் இலைதான் செழிக்கும், காய் வராது. குளிர் வந்ததும் செடியைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், கொச்சி பல வருடம் நிற்கிற செடி. செப்டெம்பர் கடைசியில் ஒரு சாணுக்கு வெட்டி, இலையின் கீழ்ப்பக்கம் பேன் பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, சோப்புத் தண்ணீரால் கழுவி, உள்ளே எடுத்துத் தண்ணீரைக் குறைத்து வையுங்கள். அடுத்த வசந்தத்தில் மற்றவர்கள் விதை போடும்போது உங்கள் செடி பூக்கத் தொடங்கியிருக்கும்.

விதை முளைக்காவிட்டால் ஜூன் முதல் கிழமையில் பெரிய தோட்டக் கடைகளுக்குப் போங்கள், மிஞ்சின கன்றை விலை குறைத்துப் போட்டிருப்பார்கள். பூ இல்லாத, தண்டு தடித்த, குட்டையான கன்றாகப் பார்த்து எடுங்கள். லைசன்ஸ் பரீட்சையைப் பற்றி வேறு யாராவது சொல்லட்டும்.