வண்டி ஓடுகிறது, ஸ்கேனருக்கு மட்டும் பதில் இல்லை: ஈசியூவை (இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரை) மாற்றத்தான் வேண்டுமா?

பெங்களூரு ஹொரமாவுவிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். 2017 மாடல் டீசல் கார், மேனுவல் கியர். தீபாவளிக்கு ரயிலேறி சேலம் போய்விட்டு மூன்று வாரம் கழித்து வந்து பார்த்தால், அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் நின்ற வண்டி முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் ஆர்பிஎம் முள் எழுந்திருக்கவில்லை, டெம்பரேச்சர் காட்டவில்லை, ஏபிஎஸ் விளக்கு அணையவில்லை, ஸ்டியரிங் வேறு கல்லாகக் கனக்கிறது. பக்கத்து கேரேஜில் கோளாறு படிக்கிற ஸ்கேனர் போட்டார்களாம். ஏபிஎஸ் திறக்கிறது, ஏர்பேக் திறக்கிறது, பாடி கன்ட்ரோல் மாட்யூலும் (விளக்கு, கதவு பூட்டு மாதிரி வேலைகளைப் பார்க்கிற குட்டிக் கம்ப்யூட்டர்) திறக்கிறது, இன்ஜின் மட்டும் 'தொடர்பு இல்லை'. ஏபிஎஸ்ஸுக்குள் யூ0100 என்று ஒரு கோடு, அதாவது கோளாறுக் குறியீடு. "இன்ஜின் ஈசியூ போச்சு சார், புதுசு 48,000, ஜேசி ரோட்டில் பழசு 15,000-க்குத் தேடித் தர்றோம்" என்றிருக்கிறார்கள். மாற்றிவிடலாமா அண்ணா என்று கேட்கிறார்.

வேண்டாம். இன்னும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது: வண்டி ஸ்டார்ட் ஆகிறது. காமன்ரெயில் டீசலில் ஈசியூ சொல்லாமல் இன்ஜெக்டர் ஒரு சொட்டு டீசல்கூட விடாது. அப்படியென்றால் அதற்கு 12 வோல்ட் போகிறது, எர்த் இருக்கிறது, உள்ளே இருக்கிற சிப் வேலை செய்கிறது, இம்மொபிலைசர் (வேறு சாவி போட்டால் இன்ஜினை ஓட விடாத திருட்டுத் தடுப்பு) சாவியையும் ஒப்புக்கொண்டுவிட்டது. செத்துப்போன ஈசியூ இதெல்லாம் செய்யுமா? வீட்டில் மூன்று பேர் 'அப்பா போனை எடுக்கவில்லை' என்கிறார்கள், அப்பாவோ சமையலறையில் நின்று காபி கலந்துகொண்டிருக்கிறார். கோளாறு போனில், அல்லது போனுக்கு வரும் லைனில். யூ0100 என்பதற்கு அர்த்தமே அதுதான்: 'இன்ஜின் ஈசியூவிடமிருந்து எனக்குச் செய்தி வரவில்லை'. ஏபிஎஸ் சொல்கிற புகார் அது, ஈசியூவின் இறப்புச் சான்றிதழ் இல்லை. பொதுவாகவே யூ என்று ஆரம்பிக்கிற கோடுகளைப் படிக்கும்போது யார் புகார் சொல்கிறார், யார் மேல் சொல்கிறார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எல்லோரும் ஒரே ஆளைக் கை காட்டினால் கோளாறு அந்த ஆள் இருக்கும் கிளையில். எல்லோரும் எல்லோரையும் கை காட்டினால் மெயின் லைனிலோ, பேட்டரியிலோ. பேட்டரி இறங்கி ஜம்ப் ஸ்டார்ட் செய்த வண்டியில் இப்படி ஏழெட்டு கோடு நிற்பது சகஜம், அழித்துவிட்டு ஒரு நாள் ஓட்டினால் பெரும்பாலும் திரும்பி வராது.

லைன் என்று எதைச் சொல்கிறேன் என்றால், கேன் (CAN), மாட்யூல்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வழி. பாஷ் நிறுவனம் 1986-ல் வெளியிட்டது. ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு வயர், கேன் ஹை, கேன் லோ. சும்மா இருக்கும்போது இரண்டிலும் 2.5 வோல்ட் இருக்கும். செய்தி போகும்போது ஹை 3.5 வரை ஏறும், லோ 1.5 வரை இறங்கும். மாட்யூல்கள் பார்ப்பது இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை மட்டும்தான், அதனால் பக்கத்திலிருந்து இரைச்சல் வந்து இரண்டு வயரிலும் சமமாக ஏறினாலும் கவலையில்லை. லைனின் இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்று. பல வண்டிகளில் ஒரு முனை இன்ஜின் ஈசியூவின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இப்போது தேவைப்படும்.

600 ரூபாய் மல்டிமீட்டர் போதும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற 16 பின் ஓபிடி சாக்கெட்டுக்கு (ஸ்கேனர் செருகுகிற இடம்) நேராகக் குனிந்து பாருங்கள். அகலமான பக்கம் மேலே இருந்தால் மேல் வரிசை இடமிருந்து வலமாக 1 முதல் 8, கீழ் வரிசை 9 முதல் 16. 4-ம் 5-ம் எர்த், 16 நேரடி பேட்டரி, 6 கேன் ஹை, அதற்கு நேர் கீழே 14 கேன் லோ. இங்கே ஒரு எச்சரிக்கை, இதில் நானே கை சுட்டுக்கொண்டவன். மீட்டரின் தடித்த முனையை அந்தச் சின்ன ஓட்டைக்குள் திணிக்காதீர்கள். உள்ளே இருக்கிற பித்தளை விரிந்துவிட்டால் அப்புறம் எந்த ஸ்கேனரும் சரியாக உட்காராது, இல்லாத கோளாறு ஒன்றை நாமே உண்டாக்கியதாகிவிடும். உள்ளே போகிற அளவு மெல்லிய ஆண் டெர்மினல் ஒன்றில் வயர் பற்றவைத்து வைத்துக்கொள்ளுங்கள். முனை வழுக்கி 16-ஐயும் 4-ஐயும் சேர்த்துத் தொட்டால் டப்பென்று ஃபியூஸ் போகும். சில வண்டிகளில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டுக்கும் அதே ஃபியூஸ்தான்.

உங்கள் வண்டியில் மற்ற மாட்யூல்கள் திறப்பதால் 16-ம் 4-ம் சரியாகத்தான் இருக்கும். ஸ்கேனர் விளக்கே எரியாதவர்கள் முதலில் அங்கே பாருங்கள், அதுவும் மீட்டரால் இல்லை, 21 வாட் இண்டிகேட்டர் பல்பால். ஒரே ஒரு இழை மிச்சமிருக்கிற வயரிலும் மீட்டர் 12 வோல்ட் என்று சாதிக்கும். பல்பு மங்கலாக எரிந்து உண்மையைச் சொல்லிவிடும்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். இக்னிஷன் அணைத்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஓரிரண்டு நிமிடம் விட்டு, 6-க்கும் 14-க்கும் நடுவே ஓம் பாருங்கள். கரண்ட் இருக்கும்போது பார்த்த ஓம் கணக்கில் வராது. 60 வந்தால் இரண்டு முனையும் லைனில் இருக்கின்றன, ஏனென்றால் 120-ம் 120-ம் பக்கத்தில் பக்கத்தில் சேர்ந்தால் 60. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் இரண்டு வயரும் எங்கோ உரசுகின்றன, ஆனால் அப்போது யாருமே பேச முடியாது, உங்கள் கதை அது இல்லை. உங்களுக்கு 120 வரும் என்பது என் ஊகம். ஒரு முனை லைனிலிருந்து கழன்றிருக்கிறது, அந்த முனை ஈசியூ. ஒரு முனை இல்லாவிட்டாலும் காருக்குள் இருக்கிற குட்டி லைனில் மற்றவர்கள் தட்டுத்தடுமாறிப் பேசிவிடுவார்கள், அதனால்தான் ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் உங்களுக்குத் திறக்கின்றன.

அடுத்து ஈசியூ கனெக்டர். அதைக் கழற்றி, அந்த மாடலின் வயரிங் படத்தைப் பார்த்து, ஈசியூ பக்கத்தில் உள்ள இரண்டு கேன் பின்களுக்கும் நடுவே அளந்தால் 120 காட்ட வேண்டும். பிறகு ஓபிடி 6-லிருந்து வயர் பக்க கனெக்டரின் கேன் ஹை வரை, 14-லிருந்து கேன் லோ வரை தனித்தனியாக. ஒரு ஓமுக்குள் இருக்க வேண்டும். மீட்டரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க இன்னொருவர் பேட்டரி தட்டுக்குக் கீழேயும் ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகடு) ஓட்டை அருகேயும் வயர்க்கட்டை மெல்ல ஆட்டுங்கள். எண் எங்கே குதிக்கிறதோ அங்கே டேப்பைப் பிரியுங்கள். மூன்று வாரம் அசையாமல் நின்ற வண்டி, பேஸ்மென்ட், இந்த ஊர் மழை. நான் பந்தயம் கட்டுவதென்றால் எலி மேல் கட்டுவேன், இரண்டாவதாக கனெக்டரில் பச்சை பூத்த பின் மேல். ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்து பாருங்கள், தேங்காய் நாரும் கடலைத் தோலும் கிடந்தால் சாட்சி கிடைத்துவிட்டது.

அறுந்த வயரைச் சும்மா முறுக்கி டேப் சுற்றாதீர்கள். சால்டர் வைத்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு, இரண்டு இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் சற்றுத் தள்ளித் தள்ளி, பழைய முறுக்கையும் திரும்பக் கொண்டுவாருங்கள். முறுக்கு போனால் இரைச்சல் இரண்டு வயரிலும் சமமாக ஏறாது. போன வருடம் ராமமூர்த்தி நகரில் ஒரு கேப் வண்டியில் இதே கதையைப் பார்த்தேன்: ஜிபிஎஸ் டிராக்கர் மாட்டியவர் கேன் வயரைச் சீவி, தன் வயரைச் சுற்றி, டேப்கூட ஒட்டாமல் விட்டிருந்தார். ஸ்பீட் பிரேக்கர் ஏறினால் மீட்டர் முழுக்க இருண்டுவிடும். டிராக்கர், வெளியில் வாங்கிய ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, ஓபிடியில் செருகும் டாங்கிள் எது இருந்தாலும் சோதனைக்கு முன் கழற்றிவிடுங்கள்.

60 வந்துவிட்டால்? ஈசியூ வரை வயரும் சரி, பின்னும் சரி, ஆனாலும் பேசவில்லை என்றால் உள்ளே இருக்கிற கேன் சிப் போயிருக்கலாம், அப்போது கேரேஜ்காரர் சொன்னது பாதி நிஜம். அப்போதும் போர்டு ரிப்பேர் செய்பவரிடம் முதலில் காட்டுங்கள், ஏனென்றால் ஜேசி ரோட்டு ஈசியூ பெரும்பாலும் உங்கள் சாவியை ஒப்புக்கொள்ளாது, இப்போது ஓடுகிற வண்டி அப்புறம் ஓடாமல் நிற்கும். இன்னொன்று, ஸ்கேனரில் டீசலுக்குப் பதில் பெட்ரோல் வேரியன்ட் தேர்ந்தெடுத்தாலும் இன்ஜின் திறக்காமல் போகலாம். உங்கள் முள்ளும் படுத்திருப்பதால் இங்கே அது காரணமில்லை, ஆனாலும் கேட்டுவிடுங்கள், கேட்பதற்குக் காசில்லை.

ஸ்டியரிங் கனமாக இருக்கும்வரை அவுட்டர் ரிங் ரோட்டில் எடுக்காதீர்கள். பேட்டரி கழற்றி அளந்த ஓம், ஈசியூவின் இரண்டு பின் நடுவே வந்த ஓம், வயர் இரண்டின் அளவு, இந்த நான்கு எண்ணையும் எழுதி அனுப்புங்கள். முதல் எண் 120 என்றால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம், நேராகப் பேட்டரி தட்டைக் கழற்றுங்கள்.