டிக்கன்ஸை இன்னும் எதற்குப் படிக்கிறோம்? – கேள்வி பதில்

மொரிஷியஸ் தமிழ் வாசகர்கள் இந்த மாதம் படித்தது சார்லஸ் டிக்கன்ஸின் ‘இரண்டு நகரங்களின் கதை’. கேள்விகளுக்குப் பதில் சொல்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியர், பழைய நாவல்களில் ஊறியவர்.

கேள்வி (ரோஸ் ஹில்): ஐயா, பிரெஞ்சுப் புரட்சி நடந்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இந்தக் கதை இன்றைக்கும் ஏன் உறைக்கிறது?

பதில்: டிக்கன்ஸும் அந்தக் காலத்தைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. கதை தொடங்குவது 1775இல். அவர் பிறந்ததே 1812இல், எழுதியது 1859இல். தாத்தா காலத்துக் கதை சொல்கிற சாக்கில் தன் காலத்தைத்தான் குத்திக் காட்டுகிறார். அந்தக் காலமும் நம் காலம் மாதிரிதான் என்று முதல் பத்தியிலேயே சொல்லியும்விடுகிறார். அதனால் எந்தத் தலைமுறை கையில் எடுத்தாலும் தன் ஊர் விவகாரமாகவே தெரிகிறது.

அப்புறம், யார் பக்கம் நிற்பது என்பதை அவர் சுலபமாக்கித் தருவதில்லை. பிரபுவின் குதிரை வண்டி ஏறி ஓர் ஏழைக் குழந்தை சாகிறது. அந்த மனுஷன் தன் குதிரைகளுக்கு அடிபட்டிருக்குமோ என்று கவலைப்படுகிறான், ஒரு காசை வீசி எறிகிறான். படிக்கிற நமக்கே ரத்தம் கொதிக்கும். கடைசியில் பார்த்தால், ஒரு பாவமும் அறியாத தையல்காரப் பெண் ஒருத்தி, தலையை வெட்டும் கில்லட்டின் இயந்திரத்துக்குப் போகும் வரிசையில் நிற்கிறாள். நமக்கு வந்த அதே கோபம்தான் அவளையும் அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது.

கேள்வி (போர்ட் லூயிஸ்): சரி, நம் தீவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பதில்: நிறைய இருக்கிறது, தம்பி. அப்போது இந்தத் தீவு பிரான்சின் கையில் இருந்தது. பெயரே ‘ஈல் தெ பிரான்ஸ்’. 1794இல் பாரிஸ் அடிமை முறையை ஒழித்துச் சட்டம் போட்டது. அதை அமல்படுத்த 1796இல் வந்த இரண்டு அதிகாரிகளை இங்குள்ள குடியேற்றக்காரர்கள் வந்த வழியே துரத்திவிட்டார்கள். புரட்சியை வரவேற்றுச் சபை கூட்டியவர்களும் இவர்களேதான்! பிறகு பிரிட்டிஷ் ஆட்சியில், 1835 பிப்ரவரி 1இல்தான் அடிமை முறை ஒழிந்தது. இழப்பீடு போனதும் எசமானர்களுக்குத்தான். அதற்கு மூன்று மாதம் முன்பே, 1834 நவம்பர் 2இல், ‘அட்லஸ்’ கப்பல் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்து இறக்கியாயிற்று. இன்று இரண்டு தேதிக்கும் நமக்கு அரசு விடுமுறை. இந்த ஊரில் இருந்துகொண்டு டிக்கன்ஸ் புரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கேள்வி (வாக்கோவா): தமிழில் இப்படி ஏதாவது உண்டா ஐயா?

பதில்: புறநானூறு 194, பக்குடுக்கை நன்கணியார் பாட்டு. ஒரே காலம் ஒருவருக்கு நல்லதாகவும் இன்னொருவருக்குக் கெட்டதாகவும் இருப்பதை அதுவும் சொல்கிறது. ஒரு வீட்டில் சாவுப் பறை, இன்னொரு வீட்டில் மண முழவு. கணவனோடு இருப்பவள் பூச்சூடுகிறாள், பிரிந்தவள் கண்ணீர் விடுகிறாள். மொத்தமே ஏழு வரி. ஆனால் ஒரு வித்தியாசம்: நன்கணியார் இப்படிப் படைத்தவனையே பண்பில்லாதவன் என்று ஏசுகிறார். டிக்கன்ஸ் கடவுளை விட்டுவிட்டு மனுஷனைப் பிடிக்கிறார். எனக்கு இரண்டும் வேண்டும்.

கேள்வி (ரோஸ் ஹில்): புத்தகம் ரொம்பப் பெரிசு. படமாகப் பார்த்தால் போதாதா?

பதில்: படத்தைப் பிறகு பாருங்கள். இது முதலில் 31 வாரம் பத்திரிகையில் தொடராக வந்தது. நீங்களும் வாரத்துக்கு ஒன்றிரண்டு அத்தியாயமாகப் படியுங்கள். கதாநாயகி லூசி வருகிற இடங்களில் எனக்கே கொட்டாவி வரும். பழிவாங்கத் துடிக்கிற மதுக்கடைக்காரி டெஃபார்ஜ் அம்மாள் பின்னல் ஊசியோடு வந்து உட்கார்ந்ததும் தூக்கம் ஓடிவிடும்.