கரஸ்ஸில் எம்.எஃப்.ஏ. படிக்கலாமா?

வாசகி ஒருவரின் கேள்வி: "கும்பகோணத்தில் பி.எஃப்.ஏ. (கவின்கலை இளநிலை) ஓவியம் முடித்து 11 வருடம் ஆகிறது. திருச்சி பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருக்கிறேன். மகளுக்கு 6 வயது, வேலையை விட முடியாத நிலைமை. வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.எஃப்.ஏ. (கவின்கலை முதுநிலை) விஷுவல் ஆர்ட்ஸ் கரஸ்ஸில், அதாவது தொலைநிலையில், போட்டுத் தருவதாகவும், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும் என்றும் ஒரு ஏஜென்ட் சொல்கிறார். முன்பணம் கேட்கிறார். சேரலாமா?"

சேர வேண்டாம். முன்பணம் கேட்கிறவர் 'நாளைதான் கடைசி தேதி' என்றும் சொல்வார். அதனால்தான் முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொலைநிலைப் படிப்புகளுக்கும் இணையவழிப் படிப்புகளுக்கும் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2020 செப்டம்பரில் விதிமுறை வெளியிட்டது. இந்த முறையில் நடத்தவே கூடாத படிப்புகள் என்று ஒரு பட்டியலும் வைத்திருக்கிறது. பொறியியல், மருத்துவம், செவிலியர் படிப்பு, கட்டடக்கலை, சட்டம், ஓட்டல் மேலாண்மை என்று நீளும் அந்தப் பட்டியலில் ஓவியம், சிற்பம் போன்ற விஷுவல் ஆர்ட்ஸும் இருக்கிறது. அதோடு, ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் தன் எல்லைக்கு வெளியே தொலைநிலைப் படிப்பு நடத்த முடியாது. தனியாரிடம் ஃபிரான்சைஸ் கொடுத்து மையம் நடத்தவும் அனுமதி கிடையாது. அப்படியிருக்க, ஊரில் ஒரு மாடி அறையில் போர்டு மாட்டி உட்கார்ந்திருப்பவர் எதை 'போட்டுத் தருவார்' என்று யோசித்துப் பாருங்கள்.

அவர் இதற்கும் பதில் வைத்திருப்பார். "கரஸ் பட்டமும் ரெகுலர் பட்டமும் ஒன்றுதான் என்று யுஜிசியே சொல்லிவிட்டதே" என்பார். 2022-இல் யுஜிசி அப்படிச் சொன்னது உண்மைதான். ஆனால் அது அனுமதி பெற்ற படிப்புகளுக்கு மட்டும். ஆகவே பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்த்து நம்பாதீர்கள். யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவான டெப் தளத்தில், எந்தப் பல்கலைக்கழகம் எந்தக் கல்வியாண்டில் எந்தப் படிப்பை நடத்தலாம் என்று பட்டியல் இருக்கிறது. நீங்கள் சேரப்போகும் ஆண்டில், நீங்கள் சேரப்போகும் படிப்பின் பெயர் அதில் இருக்க வேண்டும். சேருகிற மாணவர் டெப் ஐடி உருவாக்குவதும் இப்போது கட்டாயம். "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று ஒருவர் சொன்னால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. எம்.ஏ. என்றாலே மாஸ்டர் ஆஃப் ஆர்ட்ஸ்தான். வரலாற்றில் வாங்கினாலும் அதே 'ஆர்ட்ஸ்'. அதைக் காட்டி, இது எம்.எஃப்.ஏ.வுக்குச் சமம் என்று சேர்த்துவிடுகிறார்கள். என்னிடம் படித்த ஒரு பையன் இப்படி மாட்டிக்கொண்டான். இரண்டு வருடப் பணமும் உழைப்பும் போட்டபிறகு, சான்றிதழ் சரிபார்ப்பில் அவனை உட்காரவைத்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்கள். அன்று சாயங்காலம் அவன் எனக்குப் போன் செய்து பேசியது இன்னும் மனதில் இருக்கிறது. உங்களுக்கும் அப்படி நடந்துவிடக் கூடாது.

சரி, விஷுவல் ஆர்ட்ஸுக்கு ஏன் இந்தத் தடை? தகட்டில் படம் செதுக்கித் தாளில் அச்செடுக்கும் பிரிண்ட்மேக்கிங் வகுப்பை நினைத்துப் பாருங்கள், கல்லூரியில் நீங்களும் செய்திருப்பீர்கள். அமிலத்தால் கோடுகள் அரித்த எட்சிங் தகட்டில் மை பூசித் துடைத்து, அதன்மேல் ஈரத்தாளை வைத்து இயந்திரத்தில் ஓட்டுவோம். அப்புறம் தாளின் ஒரு மூலையைப் பிடித்து மெல்ல உரிப்போம். தகட்டின் விளிம்பு தாளில் அழுந்திச் சின்னப் பள்ளமாக நிற்கும், விரலால் தடவினால் தெரியும். மையை அதிகமாகத் துடைத்துவிட்டோமா, ஈரம் பற்றவில்லையா என்று அந்த நொடியில் பக்கத்தில் நிற்கிறவர் சொன்னால்தான் அடுத்த அச்சு திருந்தும். அமிலத் தொட்டியையும் அச்சு இயந்திரத்தையும் வீட்டு ஹாலில் வைக்கவும் முடியாது. சிற்பம், செராமிக் எல்லாம் இதே கதைதான்.

ஓவியம் மட்டும் என்றால் எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு. அதைத் தொலைவிலிருந்து சொல்லிக்கொடுக்க முடியும். இங்கிலாந்தில் மைக்கேல் யங் 1987-இல் தொடங்கிய ஓபன் காலேஜ் ஆஃப் தி ஆர்ட்ஸ், வீட்டிலிருந்தபடியே கலை படிக்கிறவர்களுக்காகவே ஏற்பட்டது. 2023-இல் அது அங்குள்ள ஓபன் யுனிவர்சிட்டியோடு சேர்ந்துவிட்டது. மாணவர் தன் ஓவியத்தோடு, எதை ஏன் வரைந்தேன், எங்கே தடுமாறினேன் என்ற குறிப்பேட்டையும் ஆசிரியருக்குக் காட்ட வேண்டும். ஆசிரியர் அதைப் படித்து விரிவாக எழுதுவார். அந்த முறைமேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் வெளிநாட்டுத் தொலைநிலைப் பட்டத்தை வைத்து இந்தியாவில் வேலைக்கோ பிஎச்.டி.க்கோ போக, அது இந்தியப் பட்டத்துக்குச் சமம் என்ற இணைச் சான்று தேவைப்படும். அது கிடைக்குமா என்று எழுத்தில் கேட்டு, பதில் வாங்காமல் கட்டணம் கட்ட வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. பட்டம் எதற்காக என்று நீங்கள் சொல்லவே இல்லை. அதைப் பொறுத்துத்தான் வழி மாறும்.

அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியர் வேலைதான் இலக்கு என்றால், அதற்கு முதுநிலைப் பட்டம் கேட்பதில்லை. அறிவிப்பு வரும்போது அதில் கேட்டிருக்கும் தகுதிகள் கையில் இருக்கின்றனவா என்று பாருங்கள், அது போதும்.

கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக வேண்டும் என்றால் முதுநிலையில் 55 சதவீதமும், நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வழக்கமான பாதை. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50 சதவீதம். நெட் தேர்வில் விஷுவல் ஆர்ட் தனிப் பாடம், அதன் எண் 79. கண்காட்சி அனுபவமுள்ள தொழில்முறைக் கலைஞர்களுக்கென்று யுஜிசியின் 2018 விதிமுறையில் தனி வழியும் இருக்கிறது, அதையும் எடுத்துப் படியுங்கள். இதற்கிடையில் பலரும் கவனிக்காத ஒரு வாசல் உண்டு. உங்கள் பி.எஃப்.ஏ. நான்கு வருடப் படிப்பு. நான்கு வருட இளநிலையில் 75 சதவீதம் எடுத்தவர்கள் 2024 முதல் நேரடியாக நெட் எழுதி பிஎச்.டி.க்குப் போகலாம். மதிப்பெண் பட்டியலை இன்றே எடுத்துப் பாருங்கள். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு அது மட்டும் போதாது, ஆராய்ச்சிக்குப் போதும்.

எம்.எஃப்.ஏ.தான் வேண்டும் என்றால் ரெகுலரில் படியுங்கள். 1850-இல் தொடங்கிய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. இரண்டு வருடம். மகளை வைத்துக்கொண்டு சென்னை என்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். இருந்தாலும் பள்ளியில் சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். கேட்காமலேயே கிடைக்காது என்று முடிவு செய்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வேலைக்காக எதுவும் இல்லை, விட்டுப்போன கையைத் திரும்பப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் என்பதாகவும் இருக்கலாம். எனக்கு உங்கள் கடிதத்தில் இதுதான் கேட்டது. இத்தனை நாளாகக் குழந்தைகள் வரைவதைத் திருத்திக்கொண்டிருக்கிறீர்கள், நீங்கள் வரைவதைப் பார்த்துச் சொல்ல ஆளில்லை. அதற்குப் பட்டம் தேவையில்லை. உங்கள் வகுப்புத் தோழர்கள் மூன்று நான்கு பேரைத் தேடிப்பிடியுங்கள். மாதம் ஒரு ஞாயிறு வீடியோ காலில் உட்காருங்கள். ஆளுக்கு ஒரு படம், ஒரு படத்துக்கு இருபது நிமிடம். வரைந்தவர் முதலில் பேசக் கூடாது, பார்க்கிறவர்கள் தங்களுக்குத் தெரிவதைச் சொல்ல வேண்டும். 'சூப்பர்' என்ற வார்த்தைக்கு இடமே கொடுக்காதீர்கள்.

படத்தைப் போனில் எடுக்கும்போது, காலையில் நேர் வெயில் படாத ஜன்னல் ஓரம் சுவரில் மாட்டி, போனைக் கேன்வாஸின் நடுமையத்துக்கு நேராகப் பிடியுங்கள். சாய்த்தால் சதுரம் கோணலாகும். ஓரத்தில் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டிவையுங்கள், நிறம் மாறியிருந்தால் அதை வைத்துச் சரிசெய்யலாம். முழுப் படம் ஒன்று. வண்ணம் தடித்து நிற்கும் இடத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் கிட்டத்தில் ஒன்று. கீழே அளவும் ஊடகமும் தேதியும் எழுதிவையுங்கள். இப்படி 12 படம் சேர்ந்தால், நாளைக்கு எம்.எஃப்.ஏ. நேர்காணலுக்குப் போனாலும் முதலில் கேட்கப்போவது அந்த ஃபோலியோவைத்தான்.