பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவி ஆளே மாறிக்கொண்டிருந்தும், ரசிகர்கள் ஏன் ஆயுசுக்கும் அவரை விடவில்லை?

எல்லா மாற்றமும் எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல முடியாது. 1972இல் ஸிக்கி ஸ்டார்டஸ்ட் என்ற கற்பனை ராக் பாடகன் வேஷம் போட்டார். செவ்வண்ணத் தலைமுடி, முகச்சாயம், பளபளப்பு உடை. அது கொடிகட்டிப் பறந்தபோதே, 1973 ஜூலையில் லண்டன் மேடையில் அந்த வேஷத்துக்கு முடிவு கட்டிவிட்டார். 1975இல் அமெரிக்கக் கறுப்பினத்தவரின் சோல் இசைக்குப் போனார். 1977இல் வந்த ‘லோ’ ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் பெரும்பாலும் வாத்திய இசைதான். 1983இல் டான்ஸ் பாப். அப்போது பழைய ரசிகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள்.

ஆனால் குரலும், ‘நான் யார்?’ என்ற தேடலும் கூடவே வந்தன. ரசிகர்கள் பிடித்துக்கொண்டது அதைத்தான், வேஷத்தை இல்லை. நம் வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் இதைப் புரியவைப்பது சுலபம். சாவு வீட்டில் பாடிய கானா சினிமாவுக்குப் போனது. 2017இல் உருவான ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் ராக், ராப்போடும் சேர்ந்தது. ‘இது கானாவே இல்லை’ என்று முணுமுணுக்கும் பெருசுகளும் தாளம் போடாமல் இருப்பதில்லை!

போவியும் கடைசிவரை நிற்கவில்லை. 2016 ஜனவரி 8, தன் 69ஆவது பிறந்தநாளில், ஜாஸ் கலைஞர்களோடு செய்த ஆல்பத்தை வெளியிட்டார்; இரண்டே நாளில் இறந்தார்.

புதிதாகக் கேட்பவர்கள் 1972இலிருந்து தொடங்கலாம். 80களின் பிற்பாதியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அவசரமில்லை.