மின்னஞ்சல் முகவரியைப் படமாக மாற்றினால் ஸ்பேம் நிற்குமா?

உங்கள் பலகாரக் கடையின் தளத்தில் முகவரியைப் போட்ட நாள் முதல் ஸ்பேம் குவிகிறது, அதைப் படமாக மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நான் அப்படிச் செய்து பட்டவன்.

என் அம்மான் ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறார். அவருடைய தளத்தைக் காரைக்குடியிலிருந்து நான்தான் கவனித்துக்கொள்கிறேன். ஸ்பேமுக்குள் ஓர் ஆர்டர் புதைந்துபோன ஆத்திரத்தில் முகவரியைப் படமாக்கி, அதன் மாற்று உரையில் (படத்துக்குப் பதிலாக வாசிக்கப்படும் குறிப்பில்) 'மின்னஞ்சல் முகவரி' என்று மட்டும் எழுதிவிட்டு, கடமை முடிந்தது என்று இருந்தேன். சில வாரங்களில் பார்வையற்ற வாடிக்கையாளர் ஒருவர் போனில் அழைத்தார். அவர் பயன்படுத்துவது என்விடிஏ (NVDA) என்ற இலவசத் திரைவாசிப்பான், அதாவது திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள். "முகவரி இருக்குன்னு சொல்லுது தம்பி, என்ன முகவரின்னு சொல்ல மாட்டேங்குது" என்றார். மாற்று உரையில் முகவரியையே எழுதினால் அதைத் தளங்களில் முகவரி திரட்டும் ஸ்பேம் நிரலும் படித்துவிடும். பிறகு படம் எதற்கு? பார்வையுள்ளவர்களும் அதை நகலெடுக்க முடியாமல் எழுத்தெழுத்தாகத் தட்டினார்கள். ஆத்தங்குடியை ஆங்கிலத்தில் எழுதும்போது 'எச்' வருமா, 'டி' ஒன்றா இரண்டா என்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கே ஒற்றுமை கிடையாது என்பதால், எத்தனை மெயில்கள் வழிதவறிப் போயினவோ.

முகவரி திரட்டும் நிரல் பக்கத்தின் அழகைப் பார்ப்பதில்லை. பக்கத்தின் பின்னால் இருக்கும் மூலநிரலில், மின்னஞ்சல் இணைப்பைக் குறிக்கும் 'மெயில்டூ' (mailto) என்ற சொல்லையும், @ குறியின் இருபுறமும் ஒட்டி நிற்கும் எழுத்துகளையும் தேடி எடுத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. எனவே அந்தக் குறிக்குப் பதில் மூலநிரலில் @ என்று எழுதினால், பிரவுசர் அதை @ என்றே காட்டும்; திரைவாசிப்பானும் சரியாகப் படிக்கும், நகலெடுப்பதிலும் தடை இருக்காது. இதை அவிழ்ப்பது எளிது என்பதால் சோம்பேறி நிரல்கள் மட்டுமே ஏமாறும். ஆனாலும் செலவில்லாத காரியம் என்பதால் செய்துவிடுங்கள். இன்னும் சற்று வலுவானது, பக்கம் திறந்த பிறகு, பிரவுசருக்குள் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியைக் கொண்டு முகவரித் துண்டுகளைச் சேர்த்து இணைப்பாக்குவது. திரைவாசிப்பான் படிப்பது சேர்த்து முடித்த பக்கத்தைத்தான். ஜாவாஸ்கிரிப்டை இயக்காத நிரலுக்கோ வெறும் துண்டுகளே கிடைக்கும். ஜாவாஸ்கிரிப்டை அணைத்து வைத்திருப்பவர்களுக்காகத் தொலைபேசி எண்ணையும் அருகில் கொடுங்கள். முகவரியைத் தலைகீழாக எழுதி, பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் மூலம் திருப்பிக் காட்டும் வித்தையைப் பலர் மெச்சுவார்கள். திரையில் சரியாகத் தெரிந்தாலும் காதிலும் நகலிலும் தலைகீழாகவே விழும் என்பதால் அது எனக்கு உடன்பாடில்லை.

தொடர்புப் படிவம் நல்லதுதான், ஆனால் அது மட்டுமே வழியாக இருக்கக் கூடாது. பலருக்குத் தாம் அனுப்பியதன் நகல் தம்மிடம் இருக்க வேண்டும். கோணல்மாணல் எழுத்துகளைப் படிக்கச் சொல்லும் கேப்ட்சாவை வைப்பதைவிட, மனிதர் கண்ணில் படாத பொய்க் கட்டம் ஒன்றை வைத்து, அதை நிரப்பி வரும் படிவங்களை நிரலின் வேலை என்று தள்ளிவிடலாம். அந்தக் கட்டம் திரைவாசிப்பானுக்கு எட்டக்கூடும் என்பதால் 'இதை நிரப்ப வேண்டாம்' என்ற குறிப்பு அவசியம்.

இவையெல்லாம் வரவைக் குறைக்குமே தவிர நிறுத்தா. நிஜ பிரவுசரையே இயக்கிப் படிக்கும் நிரல்களும் உண்டு. எங்கள் ஊர்ப்பக்க வீடுகளில் திண்ணையில் யாரும் வந்து உட்காரலாம், வளவுக்குள் (வீட்டின் உள்முற்றத்துக்குள்) யார் வருகிறார்கள் என்பதைத்தான் பார்ப்பார்கள். அதுபோல, தளத்துக்கென்றே தனி முகவரி ஒன்றை உருவாக்கி, வடிகட்டும் வேலையை அஞ்சல்பெட்டியிடம் விடுங்கள். வங்கிக்கும் வீட்டுக்கும் கொடுத்த முகவரியைத் தளத்தில் போடவே போடாதீர்கள். ஸ்பேம் பெட்டியைத் தினமும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அம்மான் காலைக் காப்பியோடு அதைச் செய்கிறார், மாதத்தில் ஒன்றிரண்டு உண்மையான ஆர்டர்களை அங்கிருந்து மீட்கவும் செய்கிறார்.

மாற்றங்களைச் செய்து முடித்ததும் என்விடிஏவை நிறுவி, மானிட்டரை அணைத்துவிட்டு, உங்கள் கடைக்கு நீங்களே ஒரு மெயில் அனுப்பப் பாருங்கள்.